ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தையின் பெற்றோருக்கான பயிற்சி: தேர்ந்தெடுப்பது முதல் முடித்த பிறகு வரை

குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன கையோடு பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். ஸ்பீச் தெரபி வாரம் இரண்டு நாள், ஓ.டி. எனப்படும் ஆக்குபேஷனல் தெரபி இரண்டு நாள் என்று எழுதித் தருவார்கள். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்டருக்குப் போவார். முக்கால் மணி நேரம் வெளியே நாற்காலியில் காத்திருப்பார். கதவு திறக்கும். "இன்னைக்கு நல்லா உட்கார்ந்தான்மா" என்பார்கள். உள்ளே என்ன நடந்தது, அதை வீட்டில் எப்படிச் செய்வது என்று கேட்க நேரம் இருக்காது. அதற்குள் அடுத்த குழந்தை வந்து நிற்கும்.

குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் தெரபிக்குப் போவது கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் வீட்டு ஆட்களோடுதான் இருக்கிறது. அந்த வீட்டு ஆட்களுக்குக் கற்றுத்தருவதற்குத்தான் பெற்றோர் பயிற்சித் திட்டங்கள் வந்தன. நல்ல திட்டங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் 'பேரன்ட் ட்ரெயினிங்' என்று பலகை வைத்தால் உள்ளே எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதும் நம்மூர் நிலவரம். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே அளவுகோலை வைத்துத்தான் பேசப்போகிறேன்: நீங்களும் உங்கள் குழந்தையும் சேர்ந்திருப்பதை ஒருவர் நேரில் பார்த்து, அங்கேயே திருத்திச் சொன்னால் அது பயிற்சி. மற்றதெல்லாம் தகவல்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் கிடையாது. அமெரிக்காவில் 3 முதல் 7 வயது வரை உள்ள 180 ஆட்டிசக் குழந்தைகளின் குடும்பங்களோடு நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. எல்லாருமே அடமும் கோபமும் அதிகம் இருந்த குழந்தைகள். ஒரு பகுதிப் பெற்றோருக்கு 24 வாரம் ஆட்டிசத்தைப் பற்றி விளக்கமாகப் பாடம் நடத்தினார்கள். மற்றவர்களுக்கு அதே 24 வாரம், குழந்தையின் நடத்தையை எப்படிக் கையாள்வது என்று செயல்முறைப் பயிற்சி கொடுத்தார்கள். யார் எந்தக் குழு என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் பார்த்தபோது, பயிற்சிக் குழுவில் 68.5 சதவீதக் குழந்தைகளிடம் நல்ல முன்னேற்றம் இருந்தது. பாடக் குழுவில் 39.6 சதவீதம். பாடம் கேட்டதும் வீண் போகவில்லை, பாருங்கள். ஆனால் வித்தியாசம் சின்னதும் இல்லை.

முதல் படி: ரிப்போர்ட் கைக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள்

இரண்டு வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்றால் வீட்டில் உடனே ஒரு பதில் தயாராக இருக்கும்: "அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்." இருக்கலாம். ஆனாலும் அந்த மூன்று வயது வரை சும்மா இருக்க வேண்டியதில்லை.

முதலில் காது. பேர் கூப்பிட்டால் திரும்பாத எந்தக் குழந்தைக்கும் முறையான செவித்திறன் பரிசோதனை அவசியம். தூங்க வைத்து எடுக்கும் 'பெரா' பரிசோதனை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே உண்டு. குக்கர் விசில் சத்தத்துக்கு ஓடுகிறான், அதனால் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று நாமே முடிவு கட்டக்கூடாது. அப்புறம் 16 முதல் 30 மாதம் வரை உள்ள குழந்தைகளுக்கு 'எம்-சாட்' என்ற 20 கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் அதைக் கேட்டு நிரப்பலாம். அது ஆட்டிசம் என்று முடிவு சொல்லாது, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் வந்தன. மருத்துவமனை வட்டாரத்தில் 'டிஈஐசி' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். அங்கே கட்டணம் இல்லை.

பயிற்சியில் சேர ஆட்டிசம் என்ற முத்திரை கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சி, வளர்ச்சியில் தாமதம் தெரியும் 2 முதல் 9 வயது வரையான எந்தக் குழந்தையின் குடும்பத்துக்கும் பொருந்துகிற மாதிரிதான் வடிவமைக்கப்பட்டது. உறுதியான ரிப்போர்ட் இல்லாமலே தொடங்கலாம். நிபுணரிடம் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் ஊர்களில் இது பெரிய விஷயம்.

இரண்டாம் படி: என்னென்ன வகை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேலே சொன்ன உலக சுகாதார நிறுவனத் திட்டத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அமைப்பு தெளிவாக இருக்கிறது. 9 குழு வகுப்புகள், 3 வீட்டு வருகைகள். நடத்துபவர் பெரிய நிபுணராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவிலியரோ, சமூகப் பணியாளரோ, அனுபவமுள்ள இன்னொரு பெற்றோரோ நடத்தலாம். முதல் வகுப்புகளில் குழந்தையை விளையாட்டிலும் வீட்டு வேலையிலும் நம்மோடு சேர்ப்பது, பிறகு தொடர்புகொள்ளும் வழிகள், அதன்பின் அடம் வராமல் தடுப்பதும் அதற்கு மாற்று கற்றுக்கொடுப்பதும், கடைசியில் புதுத் திறன்களைச் சின்னச் சின்னப் படியாகக் கற்பிப்பதும் பெற்றோர் தங்களைக் கவனித்துக்கொள்வதும். 2022-ல் இதை இணைய வழியிலும் இலவசமாகக் கொண்டுவந்தார்கள். இணைய வடிவத்தில் வீட்டுக்கு யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். ஆகவே அதை முன்தயாரிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீடியோ காட்டித் திருத்தும் முறை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீங்கள் குழந்தையோடு பத்து நிமிடம் விளையாடுவதைப் படம் பிடிப்பார்கள். பிறகு தெரபிஸ்ட்டும் நீங்களும் உட்கார்ந்து அதைப் பார்ப்பீர்கள். இங்கிலாந்தில் 'பேக்ட்' என்ற பெயரில் உருவான இந்த முறை 152 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு 2010-ல் முடிவுகள் வெளிவந்தன. அதையே தெற்காசியக் குடும்பங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களில் செய்து பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். சிறப்பு நிபுணர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே அங்கே பயிற்சி கொடுத்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஏற்பப் பேசுவது கூடியது; குழந்தைகள் தாங்களாகவே முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. பெரிய நகரத்தில் ஏசி அறையில் மட்டும்தான் இதெல்லாம் நடக்கும் என்ற எண்ணத்துக்கு இது நல்ல பதில்.

கனடாவின் டொராண்டோவில் உள்ள ஹேனன் மையத்தின் திட்டம் பேச்சு, தொடர்பு ஆகியவற்றை மையமாகக் கொண்டது. குழு வகுப்பும் தனி வீடியோ அமர்வும் கலந்து வரும். அந்த மையத்தின் சான்று பெற்ற ஸ்பீச் தெரபிஸ்ட்தான் நடத்த முடியும். நடத்துகிறேன் என்று யாராவது சொன்னால் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு, குழந்தையோடு போய்த் தங்கிக் கற்றுக்கொள்ளும் வகை. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்தில் 'நம்பிக்கை நிலையம்' இருக்கிறது. அங்கே பெற்றோர் குழந்தையோடு தங்கி, தினமும் பயிற்சி எடுக்கிறார்கள். தில்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' நடத்தும் பெற்றோர்-குழந்தைப் பயிற்சி மூன்று மாதம். பெற்றோரும் குழந்தையும் சேர்ந்தே வகுப்புக்குப் போக வேண்டும். சென்னை அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை உண்டு. தென்காசிப் பக்கம் என்றால் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடி வந்து குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பஸ் பிடித்து அலைய முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி.

கடைசி வகை, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடக்கும் ஒரு நாள் கருத்தரங்கு. போங்கள், தப்பில்லை. நாலு பெற்றோரைப் பார்ப்பீர்கள், போன் நம்பர் கிடைக்கும். அதையே பயிற்சி என்று எண்ணிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: "நான் என் குழந்தையோட விளையாடறதை நீங்க எத்தனை தடவை பார்ப்பீங்க?" இந்தக் கேள்விக்கு நேர்ப் பதில் வரவில்லை என்றால் பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும். "நாங்க ஷீட் கொடுப்போம், நீங்க வீட்ல பண்ணுங்க" என்பது பதில் இல்லை.

அப்புறம் யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர், மறுவாழ்வு உளவியலாளர் போன்றவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது. நல்லவர்கள் கேட்பதற்கு முன்பே சுவரில் மாட்டியிருப்பார்கள்.

எந்த மொழியில் நடத்துகிறார்கள் என்பதும் முக்கியம். "குழப்பிக்குவான், இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்க" என்று சொல்லும் இடங்கள் இன்னமும் இருக்கின்றன. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் குழந்தையோடு கொஞ்சவும் முடியாது, பாடவும் முடியாது. பாட்டியோ பேசவே மாட்டார். தமிழ் வீட்டில் தமிழில்தான் பேச வேண்டும்.

தட்டிக்கழிக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஆறு மாதத்தில் சரியாக்கித் தருகிறேன் என்று கேரண்டி கொடுப்பவர்கள், அறைக்குள் பெற்றோரை விடவே மாட்டேன் என்பவர்கள், ஸ்டெம் செல் ஊசி, உடலிலிருந்து உலோகம் நீக்கும் மருந்து என்று கூடவே பேக்கேஜ் விற்பவர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை நிரூபணமான வைத்தியம் கிடையாது. லட்சக்கணக்கில் போகும், குழந்தைக்கு ஆபத்தும் உண்டு. தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காம் படி: போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது

யார் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் வீடுகளில் அது அம்மாதான் என்று பேசாமலே முடிவாகிவிடுகிறது. அப்பாவுக்கு எல்லா வகுப்புக்கும் லீவு கிடைக்காது, புரிகிறது. ஆனால் குறைந்தது வீட்டு வருகை நடக்கும் நாட்களிலும் வீடியோ பார்க்கும் அமர்வுகளிலும் அவர் இருக்க வேண்டும். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால் பாட்டியும் வர வேண்டும். பயிற்சி எடுத்தவர் ஒருவர், குழந்தையோடு இருப்பவர் வேறொருவர் என்றால் கதை நடக்காது.

போனில் ஒரு சின்ன வேலை செய்து வையுங்கள். குழந்தை சாப்பிடும்போது, குளிக்கும்போது, தனியாக விளையாடும்போது என்று சில நிமிட வீடியோக்கள். சிரித்துக்கொண்டு போஸ் கொடுப்பது வேண்டாம், சாதாரண நாள் எப்படியோ அப்படி. புது இடத்தில் குழந்தை வேறு மாதிரி நடந்துகொள்ளும். உண்மையில் அவன் என்ன செய்கிறான் என்று பயிற்றுநருக்குக் காட்ட இதுதான் வழி. தவிர, ஆறு மாதம் கழித்து உங்களுக்கே இது தேவைப்படும்.

இலக்கு கேட்பார்கள். "பேசணும்" என்பது ஆசை, அதை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் எதையும் செய்ய முடியாது. "தண்ணி வேணும்னா என் கையைப் பிடிச்சு இழுக்காம, டம்ளரைக் காட்டணும்" என்பதை வைத்துக்கொண்டு நாளைக் காலையே ஆரம்பிக்கலாம். இந்த மாதிரி இரண்டு, மூன்று யோசித்து எழுதிக்கொண்டு போங்கள்.

ஐந்தாம் படி: பயிற்சிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது

பேர்கள் வேறு வேறு என்றாலும் நல்ல திட்டங்கள் எல்லாம் ஆரம்பத்தில் கற்றுக்கொடுப்பது கிட்டத்தட்ட ஒரே விஷயம்: குழந்தை எதைப் பார்க்கிறதோ அதை நீங்களும் பாருங்கள். கேட்கச் சுலபம். செய்துபார்த்தால் தெரியும்.

ஓர் அமர்வை அப்படியே காட்டுகிறேன். இரண்டரை வயதுப் பையன் தரையில் குப்புறப் படுத்து ஒரு எவர்சில்வர் மூடியைச் சுற்றிவிட்டுக்கொண்டிருக்கிறான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அடுக்குக் கட்டைகளை எடுத்து, "இங்க பாரு, இது என்ன கலர்? ரெட்டு! சொல்லு, ரெட்டு! இது? இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பையன் மூடியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடுகிறான். வீடியோவை ஓட்டிக் காட்டும்போது பயிற்றுநர் எதுவும் குறை சொல்வதில்லை. ஒரு நொடியில் நிறுத்துகிறார். மூடி உருண்டு அம்மாவின் காலருகே விழுந்ததும் பையன் ஒரு கணம் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறான். அம்மா அப்போது கட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தார். "இந்த இடத்துல என்ன செஞ்சிருக்கலாம்?" என்று மட்டும் கேட்கிறார்.

அடுத்த வாரம் அம்மாவும் தரையில் படுக்கிறார், முகம் எதிரே வருகிற மாதிரி. தன் கையிலும் ஒரு மூடி. அவன் சுற்றினால் இவரும் சுற்றுகிறார். கேள்வியே கிடையாது. மூடி விழும்போது மட்டும் "டொய்ங்!" என்கிறார். இரண்டு, மூன்று முறை போனதும் அவன் மூடியைச் சுற்றிவிட்டு அம்மாவின் வாயைப் பார்க்கிறான், அந்த "டொய்ங்" எப்போது வரும் என்று. இதைத்தான் எதிர்பார்த்தோம். பேச்சு வருவதற்கு முன்னால் வர வேண்டியது இதுதான். தாடையைப் பிடித்துத் திருப்பி "என்னைப் பாரு" என்று சொல்லி வாங்கும் பார்வைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்றைய நல்ல திட்டங்கள் எதுவும் பார்வையைக் கட்டாயப்படுத்துவதில்லை.

அடுத்த பாடம் காத்திருப்பது. ஹேனன் முறையில் கவனி, காத்திரு, காது கொடுத்துக் கேள் என்று மூன்றாகச் சொல்வார்கள். மூன்றில் கஷ்டமானது நடுவில் இருப்பது. பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். தமிழ் அம்மாவால் ஐந்து நொடி சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பயிற்றுநர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் அந்த ஐந்து நொடியில்தான் குழந்தை ஒரு சத்தமோ, ஒரு பார்வையோ, கை அசைவோ கொடுக்கிறது. கொடுத்தவுடனே பிஸ்கட் அவன் கையில் இருக்க வேண்டும். "அழகாச் சொல்லு, அப்பத்தான் தருவேன்" என்று இழுத்தடித்தால் அவன் கற்றுக்கொள்வது அழுகையைத்தான்.

பேச்சின் அளவும் மாறும். குழந்தையிடம் வார்த்தையே இல்லை என்றால் நீங்கள் ஒற்றை வார்த்தையில் பேசுங்கள்: "தண்ணி." "ஊத்து." "போச்சு!" அவன் ஒரு வார்த்தை சொல்ல ஆரம்பித்ததும் நீங்கள் இரண்டு: "தண்ணி ஊத்து." எப்போதும் அவனைவிட ஒரு படி மேலே, அதற்கு மேல் வேண்டாம்.

வார்த்தை வராத குழந்தைக்குப் படம் காட்டிக் கேட்கவோ, கை ஜாடையாலோ, சென்னையில் உருவான 'ஆவாஸ்' மாதிரி, படத்தைத் தொட்டால் பேசும் செயலியாலோ கேட்கவோ சொல்லிக்கொடுப்பார்கள். "இதெல்லாம் பழகிட்டா பேசவே மாட்டான்" என்ற பயம் எல்லா வீட்டிலும் எழும். இவை பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகளில் எதுவும் தெரியவில்லை. பல குழந்தைகளுக்குப் பேச்சு வருவதற்கு இவை உதவியே செய்கின்றன.

இதையெல்லாம் தினமும் ஒரு மணி நேரம் மேசையில் உட்கார வைத்துச் செய்ய வேண்டும் என்று எந்த நல்ல பயிற்றுநரும் சொல்ல மாட்டார். குளிக்கும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வாளி, குவளை, தண்ணீர், சோப்பு. தினமும் அதே வரிசை. இரண்டு குவளை தண்ணீர் ஊற்றுங்கள், மூன்றாவதைத் தூக்கிப் பிடித்து நிறுத்துங்கள். குழந்தை நிமிர்ந்து பார்க்கும். தோசை வார்ப்பது, செருப்பு மாட்டுவது, மொட்டை மாடியில் துணி எடுப்பது எல்லாமே இப்படிப் பயன்படும். வீட்டு வேலையோடு சேர்ந்துவிட்டால்தான் பயிற்சி முடிந்த பிறகும் அது நிற்காமல் தொடரும்.

ஆறாம் படி: அடம், அலறல், அடித்தல்

பல பெற்றோர் பயிற்சிக்கு வருவதே இதற்காகத்தான். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். திடீரென்று அலறலோ தலையை இடித்துக்கொள்வதோ அதிகமானால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல் வலி, காது வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை. வாய் விட்டுச் சொல்ல முடியாத குழந்தை வேறு எப்படித்தான் சொல்லும்?

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால், ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதச் சொல்வார்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதற்குப் பின் நாம் என்ன செய்தோம். ஒரு வாரம் எழுதினாலே ஏதோ ஒன்று தெரிய ஆரம்பிக்கும். போனை வாங்கினால் அலறுகிறான், அலறினால் போன் திரும்பி வருகிறது. மிக்சி போடும்போது ஓடுகிறான், அறைக்குள் போனால் அமைதியாகிறான். முதலாவது ஒன்றைக் கேட்பது, இரண்டாவது ஒன்றிலிருந்து தப்பிப்பது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்ய முடியாது. மிக்சிக்குப் பயப்படும் குழந்தையிடம் கண்டிப்பு காட்டிப் பிரயோஜனமில்லை. போடப்போவதை முன்கூட்டியே சொல்லுங்கள், காதை மூடும் ஹெட்போன் கொடுங்கள், அல்லது அவன் மாடியில் இருக்கும்போது அரைத்துக்கொள்ளுங்கள்.

போன் விஷயத்தில் கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேண்டும். முடியப்போகிறது என்று முன்பே காட்ட ஒரு டைமரோ படமோ வையுங்கள். அடுத்து என்ன என்பதையும் காட்டுங்கள். அலறாமல் "இன்னும்" என்று ஜாடை காட்டச் சொல்லிக்கொடுங்கள். அப்படியும் முதல் சில நாள் அலறல் கூடும். இதுவரை வேலை செய்த வழி திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் யாரும் இன்னும் பலமாகத்தான் முயற்சி செய்வார்கள். இது நடக்கும் என்று பயிற்றுநர் முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெற்றோர் மூன்றாம் நாளே போனைக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் நிலைமை பழையதைவிட மோசம்தான், ஏனென்றால் எவ்வளவு நேரம் அலற வேண்டும் என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. அடிப்பது எந்தத் திட்டத்திலும் இல்லை. அடிக்கச் சொல்லும் பயிற்றுநர் என்றால் புகார் கொடுக்க வேண்டிய இடம் அது.

ஏழாம் படி: வீட்டிலிருக்கும் மற்றவர்களும், நீங்களும்

"நாங்கெல்லாம் புள்ள வளக்கலையா?" இந்தக் கேள்வி வந்தே தீரும். விவாதம் பண்ணிப் பயனில்லை. மாமியாரையோ மாமனாரையோ ஒரு வகுப்புக்கு அழைத்துப் போங்கள். வேறு குடும்பங்களின் குழந்தைகளை அங்கே பார்த்ததும் பாதி வாதம் அடங்கிவிடும். பெரியவர்களுக்கு ஒரே ஒரு வேலையைப் பிரித்துக்கொடுப்பதும் நல்ல வழி. சாயங்காலம் தாத்தா ஊஞ்சலில் ஆட்டிவிடும்போது ஆட்டத்தை நிறுத்தி, குழந்தை பார்த்தால் மட்டும் மறுபடி ஆட்ட வேண்டும். அது அவருக்கே பெருமையாக இருக்கும். இந்த மாதிரி வேலைகளில் தாத்தாக்கள் அம்மாக்களைவிடப் பொறுமைசாலிகள் என்பது நான் பார்த்தது.

கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டாய், டிவி பார்க்க விட்டாய் என்று அம்மாவைக் குற்றம் சொல்லும் பேச்சு எங்கே வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். வளர்ப்பினால் ஆட்டிசம் வருவதில்லை. பெற்றோருக்குப் பயிற்சி என்ற பெயரைக் கேட்டாலே "அப்ப தப்பு நம்ம மேலதானா?" என்று சிலர் சுருங்கிப்போவார்கள். மற்ற குழந்தைகளுக்கு இயல்பாகப் போதுமான வளர்ப்புமுறை இந்தக் குழந்தைக்குப் போதவில்லை, கொஞ்சம் வேறு முறை கற்றுக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனப் பயிற்சியில் பெற்றோரின் மனநலத்துக்கென்றே பகுதி வைத்திருப்பது சும்மா இல்லை. தூக்கம் கெட்டு, அழுகை நிற்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் அது சோர்வு மட்டும் இல்லாமல் மன அழுத்த நோயாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். இன்னொன்று, அம்மா இருபத்து நான்கு மணி நேரத் தெரபிஸ்ட்டாக மாற வேண்டும் என்று யாராவது எதிர்பார்த்தால் மறுத்துவிடுங்கள். சும்மா மடியில் போட்டுக்கொண்டு கிடக்கும் நேரமும் குழந்தைக்கு வேண்டும்.

எட்டாம் படி: பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

எதிர்பார்ப்பைச் சரியான அளவில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். சின்ன ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் வழிப் பயிற்சிகளைப் பற்றிய 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013-ல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வு, பெற்றோரும் குழந்தையும் பழகும் விதம் மேம்படுகிறது என்பதைத் தெளிவாகக் கண்டது. மற்றவற்றுக்கு ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. அதாவது முதலில் மாறுவது நீங்கள், அடுத்து உங்கள் இருவருக்கும் நடுவில் நடப்பது. பேச்சு, படிப்பு, சுயவேலை எல்லாம் அதற்குப் பின்னால், குழந்தைக்குக் குழந்தை வேறு வேகத்தில்.

அதனால் நாட்காட்டியில் வார்த்தை எண்ணாதீர்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே விளையாட்டை ஐந்து நிமிடம் வீடியோ எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். எத்தனை முறை அவனாக உங்களிடம் வந்தான்? நீங்கள் எத்தனை கேள்வி கேட்டீர்கள்? இரண்டாவது எண் குறைந்து முதலாவது கூடினால் சரியான திசையில் போகிறீர்கள். நாலைந்து மாதம் ஆகியும் ஒன்றுமே அசையவில்லை என்றால் பயிற்றுநரோடு உட்கார்ந்து இலக்கை மாற்றுங்கள். அவர் "நீங்க வீட்ல ஒழுங்கா பண்ணலை" என்று மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னால், இடத்தை மாற்ற யோசியுங்கள்.

பயிற்சி முடிந்த பிறகு

கடைசி வகுப்புக்கு முன்பே இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, அடுத்த மூன்று மாதத்துக்கான எழுத்து வடிவத் திட்டம். இன்னொன்று, நினைவூட்டல் அமர்வு. பேக்ட் முறையில் முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை தொடர் அமர்வு வைத்ததற்குக் காரணம் உண்டு. யாரும் பார்க்காவிட்டால் நாம் மெல்லப் பழைய கேள்வி கேட்கும் பழக்கத்துக்குத் திரும்பிவிடுவோம்.

காகித வேலையையும் இந்தச் சமயத்தில் முடித்துவிடலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. இங்கே மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக 'ஐசா' என்ற 40 கேள்வி மதிப்பீட்டைச் செய்வார்கள். அதை வைத்து யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் இருந்தால் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை செலவை ஈடுகட்ட வழி உண்டு, தெரபிச் செலவும் அதில் ஒரு பகுதி. "சான்றிதழ் வாங்கினா பட்டம் கட்டின மாதிரி ஆயிடுமே" என்று தயங்குபவர்கள் நிறைய. அட்டை அலமாரியில் இருக்கட்டும், பள்ளியில் சேர்க்கும்போது தேவைப்பட்டால் எடுக்கலாம்.

ஸ்கூல் என்றதும் இன்னொரு வேலை இருக்கிறது. அவனுக்கு எது பிடிக்கும், எது பயம், வேண்டியதை எப்படிக் கேட்பான், அலறினால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று ஒரே பக்கத்தில் எழுதி, பயிற்சிக் காலத்து வீடியோ ஒன்றையும் சேர்த்து, வகுப்பு டீச்சரிடம் முதல் நாளே கொடுங்கள். மிஸ் மாறினால் மறுபடியும் கொடுங்கள். வேன் ஓட்டும் அண்ணனுக்கும் ஆயாம்மாவுக்கும் அதையே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். காலையில் குழந்தையை முதலில் பார்ப்பது அவர்கள்தான்.